வீடு திரும்பிய முதல் பதினைந்து நாட்களுக்கு யார் பொறுப்பு?

தென்மாவட்டம் ஒன்றில் 120 படுக்கைகள் கொண்ட அறக்கட்டளை மருத்துவமனையை நிர்வகிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. எழுபது வயதைத் தாண்டிய நோயாளிகள் பலர், குணமாகி வீட்டுக்குப் போன இரண்டு வாரங்களுக்குள்ளேயே பழைய நோயோடோ புதிய தொல்லையோடோ மறுபடியும் வந்து சேர்கிறார்கள். இதைத் தடுக்க ஒருங்கிணைந்த வீட்டுப் பராமரிப்பைத் தொடங்குவதென்று அறங்காவலர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு வாகனம், வீடுகளுக்குச் சென்று பார்க்க ஒரு மருத்துவர், விவரங்களைப் பதிய ஒரு செயலி ஆகிய மூன்றுக்கும் விலைப்புள்ளி வாங்கியாகிவிட்டது. இவற்றில் எதை முதலில் செய்வது?

முதியோர் வார்டிலும், அதன்பின் வீட்டுப் பராமரிப்பிலும் நீண்ட காலம் பணியாற்றிய செவிலியர் என்ற முறையில் என் பதிலைச் சொல்கிறேன். மூன்றையும் சில மாதங்களுக்கு ஒத்திவையுங்கள். ஒரே ஒரு வார்டைத் தேர்ந்தெடுத்து, அனுபவமுள்ள செவிலியர் ஒருவரை அங்குள்ள மற்ற வேலைகளிலிருந்து முழுவதுமாக விடுவித்து, அந்த வார்டில் சேரும் ஒவ்வொரு முதியவருக்கும் சேர்ந்த நாள் முதல் வீடு திரும்பிய பதினைந்தாம் நாள் வரை அவரே பொறுப்பு என்று எழுத்தில் கொடுங்கள். மருத்துவர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், குடும்பத்தார், ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் என்று வேண்டியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆனால் மருத்துவமனையின் பொறுப்பு பில் கட்டியவுடன் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர்களில் யாருக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. அந்த ஒருவரை ஏற்படுத்தாமல் வாங்கும் வாகனம், எந்த வீட்டுக்கு எதற்காகப் போகிறோம் என்பது தெரியாமலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

வீடு திரும்பிய இந்தப் பதினைந்து நாட்களுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று அறங்காவலர்கள் கேட்பார்கள். நாற்பது வயதுக்காரருக்கு நிமோனியா குணமானால் அவர் குணமாகிவிட்டார் என்று பொருள். எண்பது வயதுக்காரருக்கு நுரையீரல் தெளிந்திருக்கும், ஆனால் அவர் பத்து நாட்கள் படுத்தே கிடந்திருப்பார், சரியாகத் தூங்கியிருக்க மாட்டார், பாதி வயிறுதான் சாப்பிட்டிருப்பார். 2007இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், உடல்நலத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது அவர்கள் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயாளிக்கு இழப்பு இதைவிடக் கூடுமே தவிரக் குறையாது. அமெரிக்க இதய மருத்துவர் ஹார்லன் க்ரம்ஹோல்ஸ், வீடு திரும்பிய பிறகு சில வாரங்கள் நீடிக்கும் இந்தத் தளர்ச்சியையே ஒரு தனி நோய்நிலையாகக் கருத வேண்டும் என்று 2013இல் எழுதினார். மறுபடி சேர்பவர்களில் பலர் முதலில் வந்த நோய்க்காக வருவதில்லை, விழுந்தோ குழம்பியோ வேறொரு தொற்றோடோ வருகிறார்கள் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். அமெரிக்காவில் பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் உள்ளவர்களைப் பற்றி 2009இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, வீடு திரும்பியவர்களில் 19.6 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் மறுபடி சேர்ந்ததாகக் காட்டியது. அப்படித் திரும்பிய பொது மருத்துவ நோயாளிகளில் பாதிப் பேர் இடைப்பட்ட நாட்களில் எந்த மருத்துவரையும் பார்த்ததற்கான பதிவே இல்லை. என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது இந்த இரண்டாவது எண்தான்.

புள்ளிவிவரம் ஒரு வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இதயச் செயலிழப்புக்காக ஆறு நாட்கள் வார்டில் இருந்து திரும்பிய எழுபத்தாறு வயது அம்மா ஒருவரின் வீட்டுக்கு மூன்றாம் நாள் போனேன். மாத்திரைகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னபோது, மருத்துவமனை கொடுத்த கவரோடு, ஒரு பிஸ்கட் டப்பாவும் ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றும் வந்தன. மூன்றையும் பாயில் கொட்டிப் பிரித்தோம். பழைய பையில் ஒரு கம்பெனியின் ஆம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை, புதிய கவரில் வேறொரு கம்பெனியின் ஆம்லோடிபின். பெயரும் நிறமும் வேறு என்பதால் இரண்டும் வெவ்வேறு மாத்திரைகள் என்று நினைத்து இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றார். நீர் பிரியும் மாத்திரையின் அட்டை மட்டும் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. ஏனம்மா என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மருமகள்தான் கொல்லைப்புறத்தைக் காட்டினார். கழிப்பறை அங்கே, இரண்டு படி இறங்கிப் போக வேண்டும், விளக்கு இல்லை. சீட்டில் அந்த மாத்திரை இரவுக்கும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. இருட்டில் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அவர் மாத்திரையையே விட்டுவிட்டார்.

உப்பைக் குறைக்கச் சொன்னார்களா என்று கேட்டேன். குழம்பில் உப்பே போடுவதில்லை என்று மருமகள் உறுதியாகச் சொன்னார், அது உண்மையும்கூட. உப்பில்லாத கஞ்சி இறங்காததால் பாட்டிக்குத் தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் வைத்திருந்தார்கள்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவர் எழுதியது சரியான மருந்து, மருந்தாளுநர் கொடுத்ததும் அதுவே, மருமகள் சொன்னதைச் சொன்னபடி செய்தார். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று மட்டும் அந்த ஆறு நாட்களில் ஒருவரும் கேட்கவில்லை. மருத்துவரிடம் போனில் பேசி நீர் மாத்திரையைக் காலைக்கும் பிற்பகலுக்கும் மாற்றினோம்; படுக்கைக்கு அருகில் கழிப்பறை நாற்காலி ஒன்றைப் போட்டோம்; பழைய ஆம்லோடிபினை அவர் சம்மதத்தோடு தனிக் கவரில் கட்டி எடுத்துக்கொண்டோம். சம்மதம் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் காசு கொடுத்து வாங்கிய மாத்திரையை முதியவர்கள் தூக்கி எறிய மாட்டார்கள். நாம் கேட்காமல் எடுத்துப்போனால் மறுபடி வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஊறுகாய்க்குப் பதிலாக எலுமிச்சையும் சீரகப்பொடியும் வைத்துப் பார்த்தார்கள், ஓரளவு இறங்கியது. மொத்த வேலையும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆகவே பொறுப்புச் செவிலியரின் வேலை வீட்டில் தொடங்கக் கூடாது, வார்டில், சேர்ந்த மறுநாளே தொடங்க வேண்டும். நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு இவர் எப்படி நடமாடினார், வீட்டில் எத்தனை படி, கழிப்பறை எங்கே, எந்த வகை, இரவில் உடன் படுப்பது யார், மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார் என்பவை கேஸ் ஷீட்டில் பி.பி., சர்க்கரைக்குப் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டியவை. கடைசிக் கேள்வி முக்கியமானது. நம் ஊரில் வார்டில் கூட இருப்பவர் ஒருவர், வீட்டில் பார்த்துக்கொள்பவர் வேறொருவர். பகலில் மகன் நிற்பார், எல்லா விளக்கத்தையும் அவரிடம் சொல்லி அனுப்பிவிடுவோம். வீட்டில் மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்ற வேண்டியவரோ மருமகளாகவோ, தானும் எழுபதைத் தொட்டுவிட்ட மனைவியாகவோ இருப்பார். அந்த நபரை ஒரு நாளாவது வார்டுக்கு வரவழைத்து, தலைமாட்டை உயர்த்துவது, குழாய் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, ஊற்றிய பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்காமல் இருப்பது, இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது ஆகியவற்றை நாம் செய்துகாட்டுவதோடு நிற்காமல், அவர் தன் கையால் இரண்டு முறை செய்வதைக் கூட நின்று பார்க்க வேண்டும். ‘புரிந்ததா’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தைப் பற்றியும் நிர்வாகியாகிய நீங்கள் மட்டுமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலையில் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று மருத்துவர் சொன்ன பிறகு, காப்பீட்டு ஒப்புதல் வந்து, பில் தயாராகி, நோயாளி வெளியே வரும்போது மாலை ஏழு மணி ஆகிவிடுகிறது. சனிக்கிழமையாக இருந்தால் மறுநாள் ஊர் மருந்துக்கடை மூடியிருக்கும், வாடகைக்கு ஆக்சிஜன் செறிவூட்டியோ காற்றுப் படுக்கையோ கிடைக்காது. முந்தைய நாளே முடிவெடுத்து, மதியத்துக்குள் அனுப்பி, குறைந்தது ஒரு வாரத்துக்கான மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பும் பழக்கத்தை உண்டாக்குவது வாகனம் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும் என்பது என் திடமான கருத்து.

டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கட்டும். அது அடுத்த மருத்துவருக்கானது. அதோடு தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் ஒரு தாளும் போக வேண்டும். எந்த மாத்திரை புதிது, எது அளவு மாறியது, எது நிறுத்தப்பட்டது என்பதே அதன் முதல் பகுதி. நிறுத்தப்பட்டவற்றை எழுதாத சீட்டு பாதிச் சீட்டுதான். இரண்டாவது பகுதி, எதைக் கண்டால் உடனே கூப்பிட வேண்டும் என்பது. ‘மூச்சுத்திணறல் ஏற்பட்டால்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் கூப்பிட மாட்டார்கள், வயதானால் இளைக்கத்தானே செய்யும் என்று இருந்துவிடுவார்கள். ‘மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினால், செருப்பு இறுகினால், இரவில் ஒரு தலையணைக்குப் பதில் இரண்டு தேவைப்பட்டால், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று மாற்றிப் பேசினால்’ என்று எழுதுங்கள். மூன்றாவது, ஒரு தொலைபேசி எண். ஒன்றே ஒன்று.

அந்த எண்ணை இரவு இரண்டு மணிக்கு யார் எடுப்பார் என்பதில்தான் பல திட்டங்கள் தோற்கின்றன. பொறுப்புச் செவிலியர் இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்க முடியாது. இரவில் அழைப்பு டியூட்டி டாக்டருக்குப் போகட்டும், ஆனால் வீட்டிலிருக்கும் நோயாளிகளின் பெயர்ப்பட்டியல் அவர் மேசைமேல் வார்டுப் பட்டியலோடு சேர்ந்தே இருக்க வேண்டும். ‘உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்’ என்பது மட்டுமே எப்போதும் பதிலாக வருமானால், மூன்றாம் முறை அவர்கள் நம்மை அழைக்காமல் நேரே 108ஐ அழைப்பார்கள். அதேபோலச் செவிலியருக்கு அதிகாரமும் வேண்டும். எடை கூடினால் நீர் மாத்திரையை எவ்வளவு உயர்த்தலாம், சர்க்கரை இறங்கினால் இன்சுலினை எவ்வளவு குறைக்கலாம், எந்த எல்லையைத் தாண்டினால் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும் என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவர் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இந்தக் கையெழுத்தைப் பெறுவதே உங்கள் திட்டத்தின் கடினமான பகுதியாக இருக்கும். மூத்த மருத்துவர்களோடு முதல் மாதத்தைச் செலவிடுங்கள்.

வீடு திரும்பிய 48 மணி நேரத்துக்குள் ஓர் அழைப்பு, மூன்றாம் நாளுக்குள் ஒரு நேரடி வருகை, பிறகு தேவைக்கேற்ப என்று தொடங்கினால் போதும். வருகையில் மாத்திரைகளைக் கொட்டிப் பார்ப்பது, படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் பி.பி. பார்ப்பது, முதுகையும் குதிகாலையும் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பார்ப்பது, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை அவரை நடக்கச் சொல்லிக் கூடவே நடப்பது ஆகியவை விடுபடக் கூடாது. சிறுநீர்க் குழாயோடு அனுப்பப்பட்டிருந்தால், அதை எடுக்கும் தேதி எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாமல் விட்டதனால் வாரக்கணக்கில் குழாயோடு இருந்து, காய்ச்சலோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதினைந்து நாட்களுக்குப் பிறகு யாரிடம் ஒப்படைப்பது? தமிழ்நாட்டில் இதற்குப் பதில் இருக்கிறது, தனியார் மருத்துவமனைகள்தான் அதைப் பயன்படுத்துவதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும், வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைக்கான செவிலியரும் வீடுகளுக்கு வருகிறார்கள். உங்கள் செவிலியர் வட்டார சுகாதார அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய் அவர்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பின்பு ஒவ்வொரு நோயாளிக்கும் தமிழ்த் தாளின் ஒரு பிரதியை அனுப்ப வேண்டும். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், உள்ளூர்த் தன்னார்வலர்களின் வலையமைப்பாக விரிந்து, 2008இல் கேரள அரசின் கொள்கையாகி, உள்ளாட்சிச் செவிலியர்கள் வீடு வீடாகச் செல்லும் முறையாக வளர்ந்தது. அங்கே அந்தச் செவிலியரையும் தன்னார்வலர்களையும் ஊருக்குத் தெரியும் என்பதே அதன் பலம். குடும்பம் வழக்கமாகப் பார்க்கும் ஊர் டாக்டரையும் மறக்காதீர்கள். அவருக்கு ஒரு போன் செய்து ‘உங்கள் நோயாளி இன்று வீட்டுக்கு வருகிறார், இன்ன மருந்தை நிறுத்தியிருக்கிறோம்’ என்று சொல்லாவிட்டால், நாம் நிறுத்தியதை அவர் நல்லெண்ணத்தோடு மறுபடி தொடங்கிவிடுவார்.

இது பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டா என்று கேட்டால், உண்டு, ஆனால் அளவோடு பேச வேண்டிய சான்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேரி நெய்லர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 363 முதியவர்களில் ஒரு பகுதியினரை உயர்பயிற்சி பெற்ற செவிலியர்கள் வார்டிலிருந்து வீடு வரை நான்கு வாரங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 24 வாரங்களில் ஒருமுறையாவது மறுபடி சேர்ந்தவர்கள் அந்தக் குழுவில் சுமார் 20 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 37 சதவீதம். கொலராடோவில் எரிக் கோல்மன் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட எளிமையானது. தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கேட்டுப் பெற நோயாளிக்கும் குடும்பத்துக்கும் கற்றுக்கொடுக்கும் ஒருவர், ஒரு வீட்டு வருகை, சில தொலைபேசி அழைப்புகள், அவ்வளவுதான். 30 நாளில் மறுசேர்க்கை வழக்கமான கவனிப்பில் 11.9 சதவீதம், இந்தக் குழுவில் 8.3 சதவீதம். இவற்றைக் காட்டும்போது, நியூ ஜெர்சியின் கேம்டனில் அடிக்கடி மருத்துவமனைக்கு வரும் சிக்கலான நோயாளிகள் 800 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வையும் அறங்காவலர்களிடம் காட்டுங்கள். தீவிரமான ஒருங்கிணைப்புக்குப் பிறகும் 180 நாளில் மறுசேர்க்கை 62.3 சதவீதம்; அது கிடைக்காதவர்களில் 61.7. வித்தியாசமே இல்லை. என் புரிதலில், வீடும் வருமானமும் கவனிப்பாரும் இல்லாத இடத்தில் ஒருங்கிணைக்க எதுவும் இருப்பதில்லை. எனவே முதல் ஆண்டில், வீட்டில் பார்த்துக்கொள்ள ஒருவராவது இருக்கும் நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியே வாழ்பவர்களுக்கும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் இதே திட்டம் போதும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவர்களுக்குச் சில வாரங்கள் தங்கித் தேறும் இடம் வேண்டும். அதைத் தனியாகத் திட்டமிடுவதே நேர்மை.

கவனித்துக்கொள்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுப் பராமரிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ஒரு பெண்ணின் தூக்கமில்லாத இரவுகள். செவிலியர் ஒவ்வொரு வருகையிலும் நோயாளியிடம் கேட்பதுபோலவே அவரிடமும் சாப்பிட்டீர்களா, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், முதுகு வலிக்கிறதா என்று கேட்டு எழுத வேண்டும். அவர் படுத்துவிட்டால் நோயாளி மறுபடி வார்டுக்குத்தான் வருவார். வாரத்தில் இரண்டு இரவு மட்டும் ஓர் உதவியாளரை அமர்த்திக்கொள்ள முடியுமா என்று குடும்பத்தாரை உட்கார வைத்து, மகன்களும் கேட்கும்படி பேசுவது செவிலியரின் வேலையில் சேர்த்தியே.

செலவைப் பொறுத்தவரை, ஒரு செவிலியரின் சம்பளம், ஒரு போன், இருசக்கர வாகனத்துக்கு எரிபொருள் என்பதற்கு மேல் முதல் ஆறு மாதம் தேவைப்படாது. காப்பீடுகள் பெரும்பாலும் படுக்கைக்குத்தான் பணம் தருகின்றன. எனினும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான மருந்துகளையும் பரிசோதனைகளையும் தொகுப்புக்குள் சேர்த்திருக்கிறது. உங்கள் காப்பீட்டுப் பிரிவு அதை முழுமையாகப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். கணக்கு வைக்கும்போது மறுசேர்க்கையை மட்டும் எண்ணாதீர்கள், அந்த எண்ணைக் குறைக்க வேண்டுமென்று வர வேண்டிய நோயாளியைத் தடுத்துவிடும் ஆபத்து அதில் உண்டு. பதினைந்தாம் நாளில் அவர் தானே கழிப்பறைக்குப் போகிறாரா, மருந்துகள் சீட்டில் உள்ளபடி இருக்கின்றனவா, யாரை அழைப்பது என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரிகிறதா என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

முதல் இருபது நோயாளிகளுக்குச் செயலி வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொருவருக்கும் வீட்டில் நீங்கள் எதிர்பாராதது என்ன இருந்தது என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். இருபதாவது நோயாளிக்குப் பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வார்டு மருத்துவர்களோடு உட்காருங்கள். வாகனம் வேண்டுமா, இயன்முறை மருத்துவர் இன்னொருவர் வேண்டுமா, மாத்திரைகளை வாரப் பெட்டியில் பிரித்துக் கொடுக்க மருந்தகத்தில் ஓர் ஆள் வேண்டுமா என்பதை அதிலிருந்து முடிவு செய்யலாம்.